பாட்டும் பந்தயமும்



விழாவுக்கும் வேடிக்கைக்கும் போவது தகுமா என்று சிலர் கேட்பதுண்டு. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வில் மகிழ்ச்சியும் வேண்டும். இதை மறுப்பாரில்லை. ஆகவே, போகலாமா என்பதல்ல கேள்வி. எத்தகைய மகிழ்ச்சியை நாடிப் போகிறோம் என்பதே கேள்வி. ஓர் உதாரணத்தைக் கொண்டு இதை ஆராய்வோம்.

கேரளத்தில், ஆலப்புழையை அடுத்த புன்னமடைக் காயலில் நடைபெறும் வள்ளம்களியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-ம் ஆண்டில் பிரதமர் நேரு அங்கு வந்தபோது, அவர் காணும்படி படகுப் போட்டி நடத்தினார்கள். களிப்பு மிகுந்து, வென்ற படகில் அவரே ஏறிக்கொண்டார். பின்னர், படகின் உருவம் பொறித்த வெள்ளிப் பரிசொன்றை அனுப்பிவைத்தார். அவர் பெயராலேயே அப்போட்டி இன்றும் வழங்குகிறது.

சுண்டன் வள்ளம் எனப்படும் அப்படகு நூறடிக்கு மேல் நீளமுள்ளது. ஏறக்குறைய நூறு பேர் அமர்ந்து துடுப்புப் போடுவார்கள். இத்தனை துடுப்புகளும் ஒன்றாய் விழுவது எங்ஙனம்? பாட்டினாலும் தாளத்தினாலுமே. நடுவில் நிற்போர் பலகையில் கட்டையால் இடித்துத் தாளம் கொடுக்க, மற்றவர்கள் அதற்கிணங்க வலிக்கிறார்கள். தாளத்தை மீறி ஒருவன் தன் பலத்தைக் காட்டினால், அவன் துடுப்பு அடுத்தவன் துடுப்பில் இடிக்கும். படகின் வேகம் குறையும். வல்லவனும் அங்கே பிறரோடு இணங்கித்தான் ஆகவேண்டும். வஞ்சிப்பாட்டுகளில் புகழ்பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டில் இராமபுரத்து வாரியர் இயற்றியது. ஏழைக் குசேலரைச் செல்வ நண்பன் அன்போடு வரவேற்ற கதையே அதன் பொருள்.

2024-ம் ஆண்டு நிகழ்ந்ததைக் கவனியுங்கள். ஜூலை இறுதியில் வயநாட்டில் மலை சரிந்து பல உயிர்கள் மாண்டன. ஆகஸ்டில் நடக்கவேண்டிய போட்டியைத் துக்கத்தின் பொருட்டுத் தள்ளிவைத்து, செப்டம்பர் 28-ம் தேதி நடத்தினார்கள். அயலான் அழும்போது ஆடிப்பாடலாகாது என்ற எண்ணம் எவ்வளவு உயர்ந்தது! ஆனால் போட்டி முடிந்ததும் நடந்ததென்ன? காரிச்சால் என்னும் படகு 4 நிமிடம் 29.785 விநாடியில் வென்றது. வீயபுரம் படகு பின்தங்கியது 0.005 விநாடியே. கண்ணிமைக்கும் நேரத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வித்தியாசத்தைப் பற்றி ஆட்சேபமும் வழக்காடலும் எழுந்தன.

"போட்டி இல்லாவிட்டால் இத்தனை ஊக்கம் வருமா?" எனலாம். வராதுதான். போட்டி மனிதனின் ஆற்றலை வெளிக்கொணர்கிறது. நேர்மையான முடிவைக் கேட்பதும் குற்றமல்ல. ஆனால் பரிசு ஒன்றே மகிழ்ச்சி என்றால், ஒரு படகினர் மட்டுமே சிரித்துக்கொண்டு வீடு திரும்புவர். அவர்களைப் போலவே பாடுபட்ட மற்றவர்கள் யாவரும் வெறுங்கையராவர். கோப்பையைப் பங்கிட முடியாது. பாட்டோ எத்தனை பேர் பாடினாலும் குறைவதில்லை.

கரையில் நிற்கும் நமக்கும் இதில் பொறுப்புண்டு. பெற்றோரே, பிள்ளைகளை இத்தகைய விழாக்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். பந்தயப் பணம் கட்டுவோரையும், குடித்துவிட்டுத் தோற்றவர்களை ஏசுவோரையும் விட்டு விலகி நில்லுங்கள். கடைசியாக வரும் படகுக்கும் கைதட்டுங்கள். அதிலும் நூறு பேர் மூச்சுப்பிடித்து வலித்திருக்கிறார்கள். நீங்கள் தட்டுவதைக் கண்டு பிள்ளையும் தட்டும். பிறர் வெற்றியில் மகிழ்வதைப் பெரிய போதனைகளின்றி அங்கேயே அது கற்றுக்கொள்ளும்.