மரங்களும் மனிதர்களும்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்று பாருங்கள். நூல் தெரியும், ஊசியின் காதும் தெரியும். எது முன்னே இருக்கிறது, எது பின்னே இருக்கிறது என்பது மட்டும் கைக்கு எட்டாது. நம் இரு கண்களும் சற்றே விலகி அமைந்திருப்பதால் அவை காணும் காட்சிகளும் சற்றே வேறுபடுகின்றன. அவ்விரண்டும் இணையும்போதுதான் ஆழம் புலப்படுகிறது. ஒரே இடத்தில் நின்று பார்ப்பவன் காண்பது பொய்யன்று. ஆழம் இல்லாத மெய்.

இவ்வுண்மையை நாம் ஏட்டில் படித்தது குருமடத்தில். கண்ணால் கற்றுக்கொண்டது கறம்பக்குடி மண்ணில்.

2018 நவம்பர் 16 வெள்ளிக்கிழமை அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. கடற்கரையோடு அது நின்றுவிடவில்லை. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதிகள்வரை அதன் சீற்றம் நீண்டது. கறம்பக்குடி, ஆலங்குடி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வாழையும் வேரோடு சாய்ந்தன. சில நாள் கழித்து, பங்கு இளைஞர் சிலரோடு நாமும் நிவாரணப் பணிக்காக அங்குச் சென்றோம்.

முதலில் ஒரு விவசாயியைச் சந்தித்தோம். சாய்ந்து கிடந்த தோப்பில், ஒரு மரத்தின் மேல் கையை வைத்தபடி அமர்ந்திருந்தார். தென்னங்கன்று என்று நம் மக்கள் சொல்வது குறைவு, தென்னம்பிள்ளை என்பார்கள். காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிள்ளை அது. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அந்தத் தோப்பை நம்பியே இருந்தன. அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் அங்குக் கிடந்தவை மரங்கள் அல்ல, பிள்ளைகள்.

அரசின் பார்வை வேறு. அதற்கு எண்ணிக்கை வேண்டும். மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. இதைக் குறை கூறுவதற்கில்லை. பல்லாயிரம் பேருக்கு உதவி சேர வேண்டுமாயின் கணக்கு இன்றியமையாதது. நாமும் அதே வழியில் ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டுக்கொண்டோம்: பெயர், ஊர், விழுந்த மரங்கள்.

மாலையில் ஒரு தோப்பின் ஓரத்தில் வயதான தாய் ஒருவர், விழுந்த மட்டைகளை இழுத்துப் போட்டுக் கீற்று முடைந்துகொண்டிருந்தார்.

“என்ன சாமி எழுதுறீங்க?” என்று கேட்டார்.

“எத்தனை மரம் விழுந்துச்சுன்னு கணக்கு எடுக்கிறோம் அம்மா. உங்களுக்கு எத்தனை?”

“எனக்கு ஏது சாமி மரம்? மரம் இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் புயல் அடிச்சுதா?”

நாம் வாயடைத்துப் போனோம். முப்பது ஆண்டுகளாக அவர் கீற்று முடைந்தே பிழைத்தவர். அன்று கீற்றுக்குக் குறைவில்லை, தரையெல்லாம் மட்டை. ஆனால் அவை காய்ந்து தீர்ந்தபின், புதிய பிள்ளைகள் வளரும்வரை அவருக்கு வேலை ஏது? காய் வெட்டுவோர், மட்டை உரிப்போர், சுமை ஏற்றுவோர் என்று தோப்பின் நிழலில் வாழ்ந்தோர் ஒருவருக்கும் நம் குறிப்பேட்டில் கட்டம் இல்லை. அன்று காலை நாம் கொடுத்து முடித்திருந்த அரிசியும் பாயும் அவர்கள் வீட்டிற்குப் போய்ச் சேரவில்லை.

இரவே திரும்பிச் சென்று அந்த விவசாயியிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “ஏழு வீடு நம்ம தோப்பை நம்பி இருந்துச்சு சாமி. எனக்கு மரந்தான் கண்ணுல நின்னுச்சு” என்று சொல்லி, அந்த ஏழு குடும்பங்களின் பெயர்களையும் அவரே கூறினார். மறுநாள் நம் பட்டியல் அவர் வாய்மொழியால் திருந்தியது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஆளுக்கொரு பார்வை உண்டு என்றால், உண்மை என்று ஒன்று இல்லையா? யாவும் அவரவர் மனப்பாங்குதானா? அவ்வாறன்று. இதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில் தவமிருந்த சமண முனிவர்களின் மரபு, மெய்ப்பொருள் பல பக்கங்களை உடையது என்றும், ஒரு பக்கத்தை மட்டும் கண்டு அதுவே முழுமை எனச் சாதிப்பது பிழை என்றும் போதித்தது. உண்மை ஒன்றே. நாம் நிற்கும் இடம்தான் சிறியது. அத்தாயின் சொல் விவசாயியின் இழப்பைப் பொய்யாக்கவில்லை. அதன் ஆழத்தைக் காட்டியது. அவர் இழந்தது தம் தோப்பை மட்டுமன்று. ஏழு வீடுகளுக்கு வாழ்வளித்த ஒரு மரநிழலை.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரின் நிகழ்ச்சி வருகிறது. இயேசு பெருமான் கைகளை வைத்தபின் அவர் பார்வை பெறுகிறார். ஆயினும் நடமாடும் மனிதர்கள் அவருக்கு மரங்களைப் போலவே தோன்றுகிறார்கள். பெருமான் மீண்டும் ஒருமுறை தொட்ட பின்னரே யாவும் தெளிவாகத் தெரிகின்றன. பலமுறை இப்பகுதியைப் பீடத்தில் வாசித்து மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். ஆனால் கறம்பக்குடித் தோப்பில் நின்றபோதுதான், பாதிப் பார்வை பெற்ற அம்மனிதர் நாமே என்பது புரிந்தது. நாம் குருடர் அல்லர். உதவி செய்யத்தான் சென்றோம். எனினும் மனிதர்கள் இருந்த இடத்தில் மரங்களையே கண்டோம். நம்மை இரண்டாம் முறை தொட்டது கீற்று முடைந்து காய்த்துப்போன ஒரு கை.

நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது. மருமகளின் களைப்பு மாமியாரின் இருக்கையிலிருந்து தெரிவதில்லை. முதியோரின் தனிமை இளையோரின் அவசரத்திற்குப் புலப்படுவதில்லை. பங்குப் பேரவையில் முன்வரிசையில் அமர்ந்து நாம் எடுக்கும் முடிவு, கோவில் வாசற்படியில் நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று யார் கேட்கிறோம்? இருந்த இடத்தில் இருந்துகொண்டே பிறர் பார்வையைக் கற்பனை செய்வது போதாது. எழுந்து நடந்து, அவர் பக்கத்தில் நின்று, அவரையே கேட்க வேண்டும். கேட்ட பிறகு நம் பட்டியலைத் திருத்தும் பணிவும் வேண்டும்.

அன்றைய குறிப்பேடு இன்றும் நம் மேசையில் உள்ளது. முதற்பக்கத்தில் மரங்களின் எண்ணிக்கை. அடுத்த பக்கத்தில் மனிதர்களின் பெயர்கள். எந்தக் காரியத்தைத் தொடங்கும்போதும் முதற்பக்கத்தோடு நின்றுவிடாதிருக்க இறைவன் நமக்கு அருள்வாராக.