தொண்டா? தண்டனையா?

காலரா கடவுளின் சினத்தால் வருவதன்று, கழிவு கலந்த தண்ணீரால் வருவது என்று 1854இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ சான்றுகளோடு எடுத்துக்காட்டினார். 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். தெய்வக் குற்றமென்று பொங்கலிட்டும் போகாத நோயை மூடிய சாக்கடையும் தூய குடிநீரும் விரட்டின. அறிவின் வெற்றி அது!

அந்த வெற்றியின் பயனாக இன்று நம் சிறு நகரங்களில் வீட்டுக்கொரு கழிவறை, அதற்கொரு தொட்டி. தொட்டி நிரம்பியதும் எழுகிறது அறத்தின் கேள்வி: அதனுள் இறங்குவது யார்?

“அது புனிதத் தொண்டு” என்று பதில் சொல்வோர் உண்டு. துப்புரவுப் பணியை உயர்ந்த தொண்டு எனப் போற்றினார் காந்தியார். அந்தப் புகழ்மொழியை, 1945இல் வெளிவந்த தம் நூலில் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். ஏன்? தொண்டு, விரும்பி ஏற்பது. வேண்டாமெனில் விலகத் தக்கது. தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதியாரின் தோளில் மட்டும் ஏற்றி, இறக்கி வைக்கவும் இடங்கொடாத சுமைக்குத் தண்டனை என்றே பெயர். செய்த குற்றம்? பிறந்தது! உண்மையிலேயே புனிதம் என்றால், புரோகிதர் இதில் ஏன் பங்கு கேட்கவில்லை?

“யாரேனும் செய்துதானே ஆகவேண்டும்?” என்பர் சிலர். வேலை நடந்தாக வேண்டும், மெய்தான். அதற்கு மனிதன் மலக்குழிக்குள் இறங்க வேண்டும் என்பதுதான் பொய். உறிஞ்சும் லாரி இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்யும் இயந்திரத்தைக் கேரள இளைஞர்கள் உருவாக்கி, 2018இல் திருவனந்தபுரத்தில் இயக்கிக் காட்டினர். குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடோ, மிகுந்துவிட்டால் முகரும் உணர்வையே மழுங்கடித்து, ஆபத்தை உணருமுன் ஆளை வீழ்த்திவிடும்.

சட்டம் இல்லையா? 1993இல் வந்தது; 2013இல் வலுப்பெற்றது. பாதுகாப்பின்றி ஆளைக் குழிக்குள் இறக்குவோர்க்கு, முதல் குற்றத்துக்கே ஈராண்டுவரை சிறை, அல்லது இரண்டு இலட்ச ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 10 இலட்சம் இழப்பீடு என்று 2014இலும், 30 இலட்சம் என்று 2023இலும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. மாண்டபின் எண்ணித் தரும் பணம், முன்னரே இயந்திரமாக வந்திருக்கக் கூடாதா?

“லாரிக்கு வாடகை அதிகம், ஆளை அழைத்தால் மிச்சம்” என்கிறார் வீட்டுக்காரர். எது மிச்சம்? சில நூறு ரூபாய்! எது செலவு? ஓர் உயிர்! அந்தக் கணக்கைப் போடுகிறவர் கோயிலுக்குப் போனாலும் கல்லூரிக்குப் போனாலும் அவர் கையில் அறம் இல்லை.

தோழர்களே! தூய்மைப் பணியாளர் என்று பெயரை மாற்றினோம், நன்று. வாழ்வை மாற்றுவது எப்போது? நகராட்சிக் கூட்டத்தில் இயந்திரம் கேளுங்கள். பணியாளர்க்கு நிலையான வேலையும் நேரிய ஊதியமும் கேளுங்கள். அவர் பிள்ளைக்கு வேறு தொழிலின் கதவு திறக்கக் கேளுங்கள். அனைத்துக்கும் முன்பாக, உங்கள் வீட்டுத் தொட்டிக்குள் ஒரு மனிதன் இறங்குவதைத் தடுத்து நிறுத்துங்கள். தந்தையே அழைத்து வந்திருப்பினும்!