விஞ்ஞானம் தன்மத்திற்குச் சாட்சியா?

நமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி செவியில் விழும் கூற்று ஒன்றுண்டு. பௌத்தம் விஞ்ஞான சமயம் என்றும், இன்றைய பௌதிக அறிஞர் கண்டறிவனவற்றை 2,500 ஆண்டுகட்கு முன்னரே பகவன் புத்தர் அருளிச்செய்துவிட்டார் என்றும் கூறப்படுகின்றது. பேசுவோர் பெருமிதத்துடன் பேசுகின்றனர். கேட்போர் கை தட்டி மகிழ்கின்றனர். பிறர் நம்மை நோக்கி, "மதம் மாறி நீங்கள் கண்டதென்ன?" என வினவுங்கால் இவ்விடை நம்மைத் தலைநிமிரச் செய்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் கைதட்டல் ஓய்ந்தபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. விஞ்ஞானம் உண்மையிலேயே நம் தன்மத்திற்குச் சாட்சி சொல்ல வந்ததுதானா? ஆமெனில், அச்சாட்சி நாளை தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டால் நாம் யாது செய்வோம்?

இக்கேள்வியை ஆராய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குச் சென்றாற் போதும். அவ்வூரை நம்மவர்க்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1898-ல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அங்கே மாரிகுப்பத்தில் வேரூன்றிற்று. பண்டிதர் மறைவுக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழ், 1926-ல் அப்பாத்துரையாரின் உழைப்பால் அவ்வூரிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைக்கச் சென்ற நம் முன்னோர் அங்கே பாறையைக் குடைந்தனர். வெப்பமும் தூசும் பாறைவெடிப்பும் பலர் உயிரைக் குடித்தன. அவர்கள் குடைந்த சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. தங்கத்திற்காகவே தோண்டப்பட்ட அவ்வாழம், பௌதிக வரலாற்றில் வேறொரு காரணம் பற்றி இடம்பெற்றது.

விண்ணிலிருந்து ஓயாது பூமியின்மேல் விழும் நுண்துகள்களின் மழையை அண்டக்கதிர் என்பர். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி உயரச் சென்று அளந்து இதனைக் கண்டார். போர் மூண்டமையால் 1939-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப இயலாத ஹோமி பாபா, பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் தங்கி இக்கதிர்களை ஆராய்ந்தார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945-ல் இந்நகரில்தான் தோன்றி, அவ்வாண்டின் இறுதியிலேயே பம்பாய்க்குப் பெயர்ந்தது. அந்நிறுவனத்து ஆராய்ச்சியாளர் 1951 முதல் தங்கவயல் சுரங்கத்தினுள் கருவிகளை இறக்கலாயினர். அண்டக்கதிரால் பிறக்கும் மியூவான் என்னும் துகள் பாறையையும் ஊடுருவும். ஆயினும் ஆழம் மிக மிக அதன் எண்ணிக்கை குறையும். 1960-களின் தொடக்கத்தில் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவானும் பதிவாகவில்லை. வெறுங்கையோடு மீண்டதாகப் பிறர் எண்ணக்கூடும். அறிந்தவர்க்கோ, மேலுலகின் இரைச்சல் எட்டாத ஓர் அமைதியான இடம் கிடைத்துவிட்டது என்பது புலனாயிற்று.

அவ்வமைதியில் அவர்கள் தேடியது நியூட்ரினோ. அதன் கதை சுவையானது. கதிரியக்கப் பொருள்கள் பீட்டா கதிரை உமிழும்போது, கணக்கில் சேரவேண்டிய சக்தியில் ஒரு பகுதி காணாமற்போவதைப் பௌதிகர் கண்டு திகைத்தனர். நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும், சக்தி அழியாது என்னும் விதியையே கைவிட நேருமோ என ஐயுற்றனர். 1930-ல் வுல்ஃப்காங் பௌலி, யார் கண்ணிலும் கருவியிலும் படாத ஒரு துகள் அச்சக்தியைச் சுமந்து செல்கிறது என்று கூறினார். வேறு வழியின்மையால் துணிந்த பரிகாரம் இது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 26 ஆண்டுகள் கழித்து, 1956-ல், அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே ரைன்ஸும் கவனும் அத்துகளைக் கண்டனர். விண்ணினின்று வரும் அண்டக்கதிர் நமது வளிமண்டலத்தில் மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரினோவை எவரும் அதுவரை கண்டதில்லை. டாட்டா நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடித் தங்கவயலில் 2,300 மீட்டர் ஆழத்தில் அதனைக் கண்டு, 1965 ஆகஸ்டு மாதம் வெளியிட்டனர். தென்னாப்பிரிக்கத் தங்கச்சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவினரும் அவ்வாண்டே கண்டனர். அவர்கள் பதிவு முந்தியது. நம் நாட்டார் கட்டுரை சுமார் இரண்டு வாரம் முந்தியது. இருவரும் கண்டது ஒரே உண்மை.

இனி இரண்டாவது கதைக்கு வருவோம். நமக்குரிய பாடம் இதிலேயே உள்ளது. அணுக்கருவினுள் இருக்கும் புரோட்டான் என்றும் அழியாதது என்றே பௌதிகர் நெடுங்காலம் கொண்டிருந்தனர். 1974-ல் ஜார்ஜி, கிளாஷோ என்னும் இருவர், இயற்கையின் மூன்று விசைகளை ஒன்றாக்கிக் காட்டும் அழகிய கொள்கை ஒன்றை வகுத்தனர். அதன்படி புரோட்டானும் சிதையும். அதன் ஆயுள், ஒன்றுக்குப்பின் முப்பது சுழியங்கள் இட்டாற் பெறும் ஆண்டுகளை ஒட்டியது. அத்துணைக் காலம் யார் காத்திருப்பார்? ஒரே புரோட்டானைக் காவல் காப்பதை விட்டுக் கோடானுகோடிப் புரோட்டான்களை ஒருசேரக் காவல் காத்தால், ஆண்டுக்கு ஒன்றிரண்டேனும் சிதைவதைக் காணலாம் அன்றோ? இவ்வெண்ணத்தோடு 1980-ல் தங்கவயலின் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே கருவிகளைப் பொருத்தினர். சில திங்களில், புரோட்டான் சிதைவாக இருக்கக்கூடிய நிகழ்ச்சிகள் சில பதிவாயின. உலகம் தங்கவயலை நோக்கித் திரும்பிற்று.

அந்நாளில் நம்மவருள் ஒருவர் இச்செய்தியைப் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? "சேர்க்கையால் ஆகிய யாவும் அநித்தியம் என்றார் புத்தர், அழியாதது என்ற அணுத்துகளும் அழிவதைத் தங்கவயலில் கண்டுவிட்டனர், தன்மம் நிரூபணமாயிற்று!" என்றே எழுதியிருப்பார். நம் முன்னோர் குடைந்த சுரங்கத்திலேயே நம் ஆசிரியரின் வாக்கு மெய்யாயிற்று என்றால் யாருக்குத்தான் உள்ளம் பூரிக்காது? இதை எழுதுகிறவனும் அப்பூரிப்பிற்கு விலக்கானவன் அல்லன்.

ஆனால் நடந்தது வேறு. அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் கமியோகா சுரங்கத்திலும் ஆயிரக்கணக்கான டன் நீரைத் தேக்கி, இன்னும் பெரிய கருவிகளை அமைத்துப் பார்த்தனர். புரோட்டான் சிதைவு காணப்படவில்லை. தங்கவயலில் பதிவானவை நியூட்ரினோக்களால் விளைந்திருக்கலாம் என்பதே பலர் கருத்தாயிற்று. ஜார்ஜி, கிளாஷோ வகுத்த கொள்கை அதன் முதல் வடிவில் கைவிடப்பட்டது. இன்றைய அளவீட்டின்படி, முக்கியமான ஒருவகைச் சிதைவைப் பொறுத்தமட்டில், புரோட்டானின் ஆயுள் ஒன்றுக்குப்பின் 34 சுழியங்கள் இட்ட ஆண்டுகளையும் விஞ்சியது. அது சிதையவே சிதையாது என்றும் முடிவாகவில்லை; சிதைவதை எவரும் ஐயமற இதுகாறும் கண்டதுமில்லை. புரோட்டான் சிதைவைத் தேடி அமைத்த கமியோகாக் கருவி, 1987-ல் வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்களைக் கண்டது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. தங்கவயல் ஆய்வு 1990-களின் தொடக்கத்தில் நின்றது. 2001-ல் சுரங்கமும் மூடப்பட்டது.

அன்பர்களே! நம் தன்மத்தை அந்தச் சில பதிவுகளின்மேல் ஏற்றி வைத்திருந்தோமாயின், அடுத்த சில ஆண்டுகளில் அதனை எங்கே இறக்கி வைத்திருப்போம்? பௌதிகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது அதற்கு இழுக்கன்று. அதுவே அதன் உயிர். அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்க்கே இழுக்கு.

இத்தகைய இடர் நமக்குப் புதிதன்று. 1873-ல் இலங்கையில் பாணந்துறையில் பௌத்தர்க்கும் கிறித்தவப் போதகர்க்கும் பெருவாதம் நிகழ்ந்தது. பழைய நூல்களில் கூறப்பட்ட மேருமலை இவ்வுலக உருண்டையில் எங்கே இருக்கிறது என எதிர்த்தரப்பார் கேட்டனர். மொஹொட்டிவத்தே குணானந்த தேரர், நியூட்டனின் கொள்கையை மறுத்து ஆங்கிலேயருள்ளேயே ஒருவர் நூல் எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி விடையிறுத்தார். அவ்வாதத்தால் இலங்கைப் பௌத்தர் பெற்ற எழுச்சி பெரிது. தேரரின் பெருமையும் பெரிது. ஆயினும் அந்த ஒரு விடை இன்று நிற்கவில்லை. மேருமலை இல்லை. அதனால் துக்கமும் துக்க நிவாரணமும் இல்லாமற் போகவில்லை. அன்றே "மலையைப்பற்றிய செய்தி தவறாயிருக்கலாம், நாங்கள் சரணடைந்தது மலையை அன்று" என்று கூறியிருந்தால் யாருக்கு நட்டம்?

இங்கே ஒரு தடை எழும். "அறிவுக்குப் பொருந்துவதே தன்மம் என்றன்றோ நம் பெரியோர் கற்பித்தனர்? கல்லூரிப் பேராசிரியராய் விஞ்ஞானம் கற்பித்த லட்சுமி நரசுவே அன்றோ 1907-ல் பௌத்த சாரத்தை ஆங்கிலத்தில் எழுதினார்? அந்நூலின் மறுபதிப்புக்கு 1948-ல் அண்ணல் அம்பேத்கரே அன்றோ முன்னுரை வழங்கினார்? விஞ்ஞானத்தோடு தொடர்பை அறுத்தால் நாமும் ஏனைய குருட்டு நம்பிக்கையாளரோடு ஒன்றாகிவிடோமோ?" என்பது அத்தடை. இது மதிக்கத்தக்க தடையே.

தொடர்பை அறுக்கச் சொல்லவில்லை. தொடர்பின் தன்மையையே திருத்தச் சொல்கிறோம். நம் நூல்களில் உலகைப்பற்றிக் கூறப்பட்ட ஒன்று பிழையென விஞ்ஞானம் ஐயமறக் காட்டினால், அதனை ஏற்றுத் திருந்துவது நம் கடன். விஞ்ஞானம் நம்மைத் திருத்த வரட்டும். நமக்குச் சாட்சி சொல்ல அதனை நாம் இழுக்க வேண்டா. திருத்தத்தை ஏற்பவன் தன் அகந்தையை விடுகிறான். சாட்சியைத் தேடுபவன் தன் அகந்தைக்கு இரை தேடுகிறான். நியூட்ரினோவிலோ புரோட்டானிலோ இல்லை தன்மத்தின் சோதனை. ஆசை மிகுங்கால் துக்கம் மிகுகின்றதா, பகை பகையால் தணிகின்றதா, பிறப்பால் ஒருவன் உயர்ந்தோனும் இழிந்தோனும் ஆகின்றானா என்பனவற்றை ஒவ்வொருவனும் தன் வாழ்விலே சோதித்துப் பார்க்கலாம். வந்து பார் என்பதே பகவன் விடுத்த அழைப்பு. பிறர் பார்த்ததைக் கைதட்டிக் கொண்டாடு என்பதன்று.

மஜ்ஜிம நிகாயத்துச் சங்கி சூத்திரம் இதற்கு விளக்கொளியாகும். வேதம் கற்ற காபதிகன் என்னும் பதினாறு வயது இளைஞன், பரம்பரையாக வந்த மறைமொழியே மெய், பிறவெல்லாம் பொய் எனக் கூறும் அந்தணரைப்பற்றிப் பகவனிடம் வினவுகிறான். நம்பிக்கை, விருப்பம், செவிவழி மரபு, காரணம் பற்றிய சிந்தனை, ஆய்ந்து ஏற்ற கருத்து ஆகிய ஐந்தும் இருவகையாய் முடியக்கூடும் என விளக்குகிறார் பகவன். நன்கு ஆய்ந்து கொண்ட கருத்தும் பொய்யாகலாம். அவ்வாறு கொள்ளாததும் மெய்யாகலாம். ஆதலின், இஃது என் நம்பிக்கை என்று சொல்லும் அளவில் நிற்பவன் வாய்மையைக் காக்கிறான். இதுவே மெய் என அதனைத் தாண்டுபவன் காப்பதில்லை என்பது அங்கே கூறப்படும் கருத்து.

மேலே கண்ட இரு கதைகளையும் இவ்வுரைகல்லில் வைத்துப் பாருங்கள். வேறு வழியின்றிச் சொல்லப்பட்ட நியூட்ரினோ மெய்யாயிற்று. அழகுற ஆய்ந்து சொல்லப்பட்ட புரோட்டான் சிதைவு சொன்னபடி காணப்படவில்லை. ஆராய்ச்சியாளர் தம் பதிவுகளைச் "சிதைவாக இருக்கக்கூடிய நிகழ்ச்சிகள்" என்றே குறித்தனர். "இருக்கக்கூடிய" என்னும் அந்த ஒரு சொல்லில் வாய்மை காக்கப்பட்டது. அச்சொல்லை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்பவன் பௌதிகத்தையும் அறியான், தன்மத்தையும் அறியான்.

நம்மைப் பொறுத்தவரை இது சொல்லாராய்ச்சி மாத்திரமன்று. "சாத்திரம் சொல்கிறது" என்ற ஒரே சொல்லால் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். "சொன்னவர் யார்? கண்டவர் யார்?" என்று கேட்கத் துணிந்த நாளிலேதான் அவர்கள் பௌத்தராயினர். அச்சாத்திரம் இருந்த இடத்தில் "விஞ்ஞானம் சொல்கிறது" என்பதைக் கொண்டுபோய் நிறுத்தி, கேள்வியின்றி வணங்குவோமாயின், பீடம் பழையதே, சிலைதான் புதிது. நம் பிள்ளைகள் கல்லூரிகளில் பௌதிகம் பயில்கின்றனர். மேடையில் நாம் அடித்துப் பேசும் ஒன்று பிழையென அவர்கள் வகுப்பறையில் அறிவார்களாயின், அன்று அவர்கள் ஐயுறுவது நம் பேச்சை மட்டுமன்று. நாம் சுட்டிய ததாகதரையும் சேர்த்தே ஐயுறுவர். அப்பழி நம்மைச் சாரும்.

ஆகவே, நம் சங்க மேடைகளில் விஞ்ஞானம் பேசப்படட்டும், நிறையவே பேசப்படட்டும். தங்கவயலின் கதையையும் பிள்ளைகளுக்குக் கூறுவோம்: பாறை குடைந்த தொழிலாளியின் வியர்வை, கருவி அமைத்தவரின் நுட்பம், பிழை கண்டு திருத்திய அயல்நாட்டாரின் உழைப்பு, இவை யாவும் சார்ந்தே ஓர் அறிவு தோன்றிற்று என்பதையும், அதில் ஒரு பகுதி நிலைத்து மறுபகுதி நீங்கிற்று என்பதையும் மறையாது கூறுவோம். அறிந்ததை அறிந்தேன் என்போம், நம்புவதை நம்புகிறேன் என்போம், இரண்டையும் கலவாதிருப்போம். நான்காவது சீலமாகிய பொய்யாமையை நாள்தோறும் ஏற்கும் நமக்கு, அவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதும் அச்சீலத்தின்பாற் பட்டதே.