ஒரு கிலோமீட்டர் தர்மம்

உங்கள் வீட்டில் எலித் தொல்லை. பொறி வைக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் ஒன்று மாட்டியிருக்கிறது. மீசையை ஆட்டிக்கொண்டு உங்களையே பார்க்கிறது. கொல்ல மனசு வரவில்லை. என்ன செய்வீர்கள்?

பொறியைப் பைக்குள் போட்டு, நாலு தெரு தள்ளிப் போய், யாரும் பார்க்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டு திறந்துவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஏழெட்டு முறை செய்திருக்கிறேன். திரும்பி வந்து, ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு காபி குடித்திருக்கிறேன். அந்த நாலாவது தெருக்காரர் எனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று யோசித்ததே கிடையாது.

யோசிக்க வைத்தது கனடாவில் ஒரு ரக்கூன்.

2019 மே மாதம் டொரண்டோ போயிருந்தேன். ஸ்கார்பரோ பக்கம் போனால் கடைப் பலகைகூடத் தமிழில் இருக்கும். நான் தங்கியது அங்கிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, வயலும் மரமுமாக இருந்த ஓர் ஊரில். சென்னையில் இருக்கும் என் ஈழத்து நண்பரின் அண்ணன் வீடு. எண்பதுகளில் அகதியாகப் போய், முப்பது வருஷம் தொழிற்சாலையில் உழைத்து, ஓய்வுபெற்ற பிறகு கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியவர். அவர் என்னைத் 'தம்பி' என்பார். நானும் அவர்கள் வழக்கப்படி 'அண்ணை' என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஏழு கோழிகள். ஒவ்வொன்றுக்கும் பேத்தி பெயர் வைத்திருந்தாள்.

நான் போன மூன்றாம் நாள் காலை. "தம்பி, ஒருக்கா வெளியில வாங்கோ." அண்ணையின் குரலே சரியில்லை. ஏழில் ஐந்து செத்துக் கிடந்தன. முழுசாக எதையும் தின்றிருக்கவில்லை. இரண்டு, கம்பி வலை ஓரமாகப் படுத்தவை. வலை வழியாகக் கையை விட்டு இழுத்திருக்கிறது. மற்ற மூன்றுக்கும் கதவு வழியாகவே வந்திருக்கிறது. கதவு உடையவில்லை. கொண்டியை நீக்கித் திறந்திருந்தது.

ரக்கூனைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பூனையைவிடப் பெரிசு. வாலில் வளையம் வளையமாகக் கறுப்பு. கண்ணைச் சுற்றி, பழைய சினிமாக் கொள்ளைக்காரன் கட்டிக்கொள்ளும் முகமூடி மாதிரி ஒரு பட்டை. அதன் விசேஷம் முன்னங்கால்கள். கால் என்று சொல்லவே வாய் வரவில்லை. ஐந்து விரலோடு அச்சாகக் கைதான். இருட்டில் தடவிப் பார்த்தே எது என்ன என்று தெரிந்துகொள்ளும். நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் 13 விதமான பூட்டு, தாழ்ப்பாள்களைக் கொடுத்துப் பரிசோதித்தார். பத்து முயற்சிக்குள் 11-ஐத் திறந்துவிட்டன. டொரண்டோ மாநகராட்சி 2016-இல் ரக்கூன் திறக்க முடியாத குப்பைத்தொட்டி என்று வீடு வீடாகக் கொடுத்தது. அதையும் திறக்கக் கற்றுக்கொண்ட ரக்கூன்கள் உண்டு. அதே டொரண்டோவில் 2015 ஜூலையில் நடைபாதையில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தபோது, வண்டி வந்து எடுக்கும்வரை ஜனங்கள் பூவும் மெழுகுவத்தியும் வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். திட்டவும் செய்வார்கள், அழவும் செய்வார்கள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒரு பெட்டிப் பொறி கொடுத்தார். உள்ளே ஒரு டப்பா மீன். மறுநாள் காலை திருடன் உள்ளே இருந்தான். கிட்டே போய்ப் பார்த்த அக்கா, அதுதான் அண்ணையின் மனைவி, "இது தாய். பால் குடுக்கிற தாய்" என்றார். மே மாதம் அங்கே குட்டிப் பருவம். ஒரு ஈட்டுக்கு மூன்று முதல் ஐந்து வரை இருக்கும். எங்கோ ஒரு மரப்பொந்திலோ கூரை இடுக்கிலோ கண் திறந்தும் திறக்காமலும் அவை காத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காடு இருக்கிறது. ராத்திரி கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார். நம்ம ஊர் நாலாவது தெருதான். கொஞ்சம் தூரம் கூட.

அண்ணையின் மகள்தான் சட்டத்தைப் படித்துச் சொன்னாள். ஒன்டாரியோவில் உங்கள் சொத்துக்குச் சேதம் செய்யும் ரக்கூனை நீங்கள் பிடிக்கலாம். சித்திரவதை இல்லாமல் கொல்லவும் செய்யலாம். ஆனால் உயிரோடு விடுவதென்றால் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லலாமாம், தூரமாகக் கொண்டுபோய் விடக் கூடாதாம். இது என்ன கூத்து?

யோசிக்க யோசிக்கச் சிரிப்பு போய்விட்டது. தூக்கிக்கொண்டு போன மிருகம் நோயையும் கூடவே கொண்டுபோகும். 2015 கடைசியில்தான் அதே மாகாணத்தில் ஹாமில்டன் பக்கம் ரக்கூன்களிடம் வெறிநோய் கண்டுபிடித்திருந்தார்கள். போன இடத்தில் தண்ணீர் எங்கே, பொந்து எங்கே என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருக்கும் ரக்கூன் இடம் கொடுக்காது. இங்கே குட்டிகள் பட்டினியில் சாகும். நாம் பார்க்க மாட்டோம், அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது: நஷ்டத்தை வேறொரு புத்தகத்துக்கு மாற்றி எழுதினால் நஷ்டம் மறைந்துவிடாது. கொன்றால் அது நம் புத்தகத்தில் நாம் எழுதும் செலவு. கையெழுத்துப் போட வேண்டும். முப்பது கிலோமீட்டர் தள்ளி விட்டால், செலவு அதேதான், பெயர் மட்டும் கருணை. அந்தச் சட்டத்தை எழுதியவர் இதையெல்லாம் நினைத்து எழுதினாரா தெரியாது. ஆனால் உன் கருணையின் செலவை உன் 1 கிலோமீட்டருக்குள்ளேயே வைத்துக்கொள் என்றுதான் எனக்குக் கேட்டது.

இதே விஷயத்தில் ஒரு நாடே மாட்டிக்கொண்ட கதை இருக்கிறது. 1977-இல் ஜப்பான் டி.வி.யில் 'அரைகுமா ராஸ்கல்' என்று ஒரு கார்ட்டூன் தொடர். ஒரு பையன் ரக்கூன் குட்டி வளர்க்கிற கதை. கடைசியில் அதைக் காட்டில் விட்டுவிடுவான். நாடே உருகியது. அமெரிக்காவிலிருந்து குட்டிகளை இறக்குமதி செய்து வீட்டுக்கு வீடு வளர்த்தார்கள். குட்டி வளர்ந்தது, கடித்தது, அலமாரியைத் திறந்தது. என்ன செய்தார்கள்? கார்ட்டூன் பையன் மாதிரியே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இன்றைக்கு ஜப்பானின் பெரும்பாலான மாகாணங்களில் ரக்கூன் இருக்கிறது. வயலில் சோளமும் தர்பூசணியும் போகிறது. பழைய மரக் கோயில்களின் கூரைக்குள் குட்டி போட்டுத் தூண்களைக் கீறி வைக்கிறது. 2005-இல் அதை வளர்க்கவும் இறக்குமதி செய்யவும் தடை வந்தது. இப்போது வருஷா வருஷம் பிடித்துக் கொல்கிறார்கள். விட்டவர் எல்லாரும் நல்லவர்கள்தான்.

சரி, நீங்கள் கேட்பீர்கள். ரக்கூனுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிறாயே, செத்த ஐந்து கோழிக்கு யார் வக்கீல்?

நியாயமான கேள்வி. (அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் கடையில் வாங்கின கோழிக் கறிதான். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டோம். அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுத வேண்டும்.) ரக்கூன் மேல் கேஸ் நிற்காது. அதற்குச் சொந்தம் தெரியாது, பெயர் வைத்த கோழி எது என்று தெரியாது. கேஸ் யார் மேல் நிற்கும் என்பதை அண்ணைதான் சொன்னார்.

"ஊரில கோழி முருங்கை மரத்தில ஏறிப் படுக்கும் தம்பி. மரநாய் வந்தால் பறந்து தப்பும், இல்லாட்டிப் போகும். இஞ்ச நான்தானே கூட்டுக்குள்ள வைச்சுப் பூட்டினனான். ஓடவும் வழியில்லாமல் செய்துபோட்டு, மலிவெண்டு இந்த வலையை அடிச்சனான்."

அந்த வலைக்குப் பெயரே சிக்கன் வயர். கோழி வெளியே போகாமல் தடுக்கும். உள்ளே வருகிற கையைத் தடுக்காது. விற்கிற கடைக்காரருக்கே அது தெரியும்.

எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே ஒரு அம்மிக் குழவி அளவு கல்லைத் தூக்கி வைப்பாள். உடம்புக்கு முடியாத நாளிலும் அந்தக் கல்லை வேறு யாரையும் வைக்க விட மாட்டாள். காட்டுப்பூனையை அவள் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை. கோழி போன ஒரே ஒரு நாள், "கல்லை மறந்துட்டேனே" என்றுதான் அழுதாள்.

ரக்கூன் அண்ணைக்குத் தொந்தரவுதான். முடிவை எடுக்க அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரர் மறுபடி காட்டைப் பற்றிப் பேசியபோது, அவர் போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தெரியாத இடத்தில ராவில இறக்கிவிட்டால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். குளிருக்கு ஒரு உடுப்பும் இல்லாமல் இறங்கினனான்." பொறியை வேலிக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்தார். அது ஓடவில்லை. கொஞ்சம் நடந்து, திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, மரங்களுக்குள் போனது.

அன்றைக்கு ராத்திரி மிச்சமிருந்த இரண்டு கோழிகளும் காருக்குப் பக்கத்தில், கராஜில் படுத்தன. அடுத்த நாலு நாள் நானும் சேர்ந்து வேலை பார்த்தேன். பழைய வலையைப் பிரித்துப்போட்டு, அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ் அடித்தோம். தோண்டி உள்ளே வராமல் இருக்க ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கினோம். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். அதில் ஒன்றுக்கு, மலையேறுகிறவர்கள் கயிற்றில் மாட்டுகிற ஸ்பிரிங் கொக்கி. ஒரு கையால் அழுத்தி இன்னொரு கையால் திருகினால்தான் கழலும். குப்பைத்தொட்டியும் நாய்ச் சோற்றுக் கிண்ணமும் இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று அக்கா உத்தரவு. நாய்க்கு ஊசி போட நாள் தள்ளிப்போயிருந்தது, அதையும் போட்டார்கள்.

மெஷ்ஷுக்கு மட்டும் ஆன செலவில் இருபது கோழி வாங்கியிருக்கலாம். எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, தூக்கம் வராமல் பின் வராந்தாவில் அண்ணையோடு உட்கார்ந்திருந்தேன். கோழிக்கூடு பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி 'டிக்'. இருட்டில் யாரோ பொறுமையாகக் கொக்கியைத் தடவிப் பார்க்கிறார்கள்.

"அவதான்" என்றார் அண்ணை. எழுந்திருக்கவில்லை. டார்ச்சும் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் போல அது முயற்சி செய்தது. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தார். பிறகு வேலி ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து, கூட்டுக் கதவடியில் வைத்தார்.