வாட்டமும் நீரும்

“வாட்டினால்தான் செடி பூக்கும்” என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. துயருற்றோரிடம் ஆறுதலாகவும், பிள்ளைகளிடம் அறிவுரையாகவும், வேலையாட்களிடம் சில வேளைகளில் சாக்காகவும் இதனைச் சொல்லி வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இதைச் சொன்னோம். அண்டை வீட்டார் தம் மகனை வெளியூர் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்திருந்தார். வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும்படி அவன் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழுதான். என்ன செய்யலாம் என்று தந்தை நம்மிடம் கேட்டபோது, “கொஞ்சம் வாடட்டும், பிறகு பூப்பான்” என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினோம். இரண்டாம் ஆண்டில் அவன் திரும்பி வந்தான். படிப்பு நின்றது. முன்பெல்லாம் தெருவெங்கும் கேட்கும் அவனது பேச்சும் நின்றது. அன்று முதல் அந்தச் சொல் நம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. செடிகளைப் பொறுத்தவரையிலாவது அது உண்மைதானா?

உண்மை உண்டு; மறுப்பதற்கில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களை எடுத்துக்கொள்வோம். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களில் ‘பஹார்’ என்றொரு முறை வழங்கி வருகிறது. மரம் ஆண்டு முழுவதும் சிதறிச் சிதறிப் பூக்காமல் ஒரே பருவத்தில் பூக்கவேண்டும் என்பதற்காக, இலைகள் வாடும் வரை நீரை நிறுத்திவிடுகின்றனர். பின்னர் எருவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சுகின்றனர். ஜனவரி, பிப்ரவரியில் பூப்பதை அம்பியா பஹார் என்றும், ஜூன், ஜூலையில் பூப்பதை மிருக் பஹார் என்றும் அழைக்கின்றனர். இத்தாலியின் சிசிலித் தீவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இதையொத்த பழக்கம் உண்டு. அங்கே கடுங்கோடையான ஜூன், ஜூலை மாதங்களில் எலுமிச்சை மரங்களுக்கு நீரை மறுத்து, பிறகு தாராளமாகப் பாய்ச்சுவர். மரம் ஆகஸ்டு, செப்டம்பரில் பூக்கும். சந்தையில் பழம் அரிதாகும் அடுத்த கோடையில் ‘வெர்தெல்லி’ எனப்படும் பச்சை எலுமிச்சையைத் தரும்.

உழவரின் அனுபவத்தை ஆய்வும் உறுதி செய்தது. ஃபுளோரிடாவில் தொட்டிகளில் வளர்த்த டஹிட்டி எலுமிச்சை மரங்களைக் கொண்டு நடத்தி, 1986இல் வெளியிடப்பெற்ற ஆய்வு, நீர்ப்பற்றாக்குறையும் குளிரும் பூ அரும்புவதைத் தூண்டுகின்றன எனக் காட்டியது. மண் காயும்போது செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் மிகுகிறது. அது இலைத்துளைகளை மூடச் செய்து, உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. புதுத் தளிர் விடுவது நிற்கிறது. தளிருக்குச் செலவாகியிருக்கும் உணவு கிளைகளில் சேமிப்பாகத் தங்குகிறது. நாம் வெளியிலிருந்து காண்பது சோர்ந்த இலைகளை மட்டுமே. உள்ளே மொட்டுகள் வேறு திசைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவையும் அறிந்தபின், ‘அப்படியானால் நாம் சொன்னது சரிதானே’ என்று மனம் ஆறுதல் தேடுகிறது. ஆனால், சற்று நின்று நோக்கவேண்டும். வாட்டத்தின்போது மரம் பூப்பதில்லை. நீர் திரும்பி வந்த பிறகே மொட்டு வெடிக்கிறது. நீர் திரும்பாவிட்டால் இலை உதிரும். கிளை நுனி காயும். இறுதியில் மரமே பட்டுப்போகும். ‘வாட்டினால் பூக்கும்’ என்ற நம் பேச்சு, நடந்ததில் முற்பாதியை மட்டும் சொல்லிப் பிற்பாதியை விழுங்கிவிடுகிறது. நாம் வாட்டத்தை நினைவில் வைத்தோம், நீரை மறந்தோம்.

தென்காசிப் பக்கம் எலுமிச்சை பயிரிடும் முதியவர் ஒருவரிடம் இதுபற்றி உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர் சொன்னார்: “தண்ணிய நிறுத்துறது பெரிய காரியமில்ல, சார். எப்பத் திருப்பி விடணும்னு தெரியணும்லா? அது தெரியாதவன் மரத்துல கை வைக்கப்படாது.” மணற்பாங்கான நிலத்தில் சில நாட்களில் வரும் வாட்டம், கரிசலில் பல வாரங்கள் கழித்தே வரும் என்பதை அவர் அறிவார். இளமரத்தையும் நோயுற்ற மரத்தையும் அவர் வாட்டுவதில்லை. பிஞ்சு பிடித்த பின் நீரைக் குறைத்தால் பிஞ்சு கொட்டும் என்பதும் அவருக்குத் தெரியும். நாள்தோறும் தோட்டத்துக்குள் நடந்து இலையைத் தொட்டுப் பார்க்கிறார். நாமோ அந்த மகனை ஒரு முறையும் போய்ப் பார்க்கவில்லை.

நாற்றங்காலிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். இன்று வாழைக்கன்றுகள் பெருமளவில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கப்படுகின்றன. கண்ணாடிப் புட்டிக்குள், ஈரம் நிறைந்த காற்றில், சர்க்கரை கலந்த ஊடகத்தில் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகுப்பூச்சு மெலிந்திருக்கும். இலைத்துளைகள் சரிவர மூடப் பழகியிரா. அதை நேரே வெயிலில் நட்டால் கருகிவிடும். ஆகவே முதலில் ஈரப்பதம் மிகுந்த கூடத்திலும், அடுத்து நிழல்வலையின் கீழும் வாரக்கணக்கில் வைத்துப் பழக்குகின்றனர். இதைக் ‘கடினப்படுத்துதல்’ என்பர். கன்று வெயிலைத் தாங்கக் கற்றுக்கொள்ளவே வேண்டும். என்றென்றும் புட்டிக்குள் காத்து வைப்பது அன்பாகாது. ஆனால், நிழலைச் சிறிது சிறிதாக விலக்குவதற்கும், ஒரே நாளில் பிடுங்கி வெயிலில் எறிவதற்கும் உள்ள வேறுபாடு, உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகும்.

இங்கே எவரும் ஒரு கேள்வி எழுப்பலாம்: ‘அதே விடுதியில் மற்றப் பிள்ளைகள் நன்றாகப் படித்துத் தேறினார்களே! இவன் மட்டும் ஏன் வாடினான்?’ இதற்கும் தோட்டக்கலையில் ஒரு மறுமொழி இருக்கிறது. பிரேசில் நாட்டில் 1930களின் இறுதியிலிருந்து பல இலட்சம் ஆரஞ்சு மரங்கள் மடிந்தன. அசுவினிப் பூச்சிகள் பரப்பிய அந்த நச்சுயிரி நோய்க்கு ‘டிரிஸ்டெசா’ என்று பெயர். துயரம் என்பது அதன் பொருள். மடிந்தவை புளிப்பு ஆரஞ்சு என்னும் வேர்க்கன்றின்மேல் ஒட்டுக்கட்டிய மரங்கள். ஒட்டின் கீழே உணவு செல்லும் திசு அழிந்து, வேர்கள் பட்டினியால் மாண்டன. அதே இனிப்பு ஆரஞ்சை ரங்பூர் எலுமிச்சை வேரின்மேல் ஒட்டியபோது, அதே நோய்க்கிடையிலும் மரங்கள் நிலைத்தன. மேலே கிளை ஒன்றே, இலை ஒன்றே, கனியும் ஒன்றே. வேறுபட்டது மண்ணுக்குள் மறைந்திருந்த வேர். அந்த வேரை எந்த மரமும் தானே தெரிந்தெடுக்கவில்லை.

மனிதரின் வேரும் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிறந்த வீடு, உண்ட உணவு, குழந்தைமையில் கேட்ட சொற்கள், பெற்ற அரவணைப்பு, எவரிடமும் சொல்லாத காயம் ஆகியவை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு. ஒரே துன்பத்தில் ஒருவர் பூக்க, மற்றவர் பட்டுப்போவதைக் கண்டு, முன்னவரை உறுதியானவர் என்றும் பின்னவரைக் கோழை என்றும் தீர்ப்பிடுவது எத்துணை எளிது! எத்துணை அநீதி!

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வாட்டத்தால் வரும் கனி யாருக்கு? மரத்திற்குத் தனக்கென ஒரு பருவம் உண்டு. பருவமல்லாப் பருவத்தில் கனி வேண்டுவது மரமன்று, சந்தை. எலுமிச்சை உழவருக்கு அது பிழைப்பு. அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. ஆனால், மனிதரை வாட்டும்போது இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. மகனின் மதிப்பெண்ணில் தம் பெருமையைத் தேடும் பெற்றோரும், குறைந்த கூலியைப் ‘பயிற்சிக் காலம்’ என்று அழைக்கும் முதலாளியும், மருமகளின் கண்ணீரைப் ‘பக்குவம்’ என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்ளும் குடும்பமும் இதற்கு விடை கூறவேண்டும். ஒருவர் ஓர் உயர்ந்த நோக்கத்திற்காகத் தாமே விரும்பி ஏற்கும் துன்பம் தவமாகலாம். பிறர்மேல் சுமத்திவிட்டு, அதன் பயனை நாம் பறித்துக்கொள்ளும் துன்பத்திற்குத் தவம் என்று பெயரிட எவருக்கும் உரிமையில்லை.

நற்செய்தியில் கனி தராத அத்தி மரத்தை வெட்டிவிட உரிமையாளர் எண்ணியபோது, தோட்டத் தொழிலாளி இன்னும் ஓராண்டு தவணை கேட்டதை நாம் அறிவோம். அந்தத் தவணையை அவர் மரத்தை வாட்டுவதற்காகக் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடுவதற்காகவே கேட்டார். கனியில்லாமையைக் கண்டவுடன் தன் உழைப்பைக் கூட்டிக்கொள்ள முன்வந்தவர் அவர். துன்புறுவோர் அருகில் நிற்கும் நமக்கு உரிய இடமும் அதுவே. துன்பத்திற்கு விளக்கம் சொல்வதைக் காட்டிலும் ஒரு குடம் நீர் சுமந்து வருவது கடினம். ஆனால், பூவுக்குத் தேவை அதுதான்.

அண்மையில் அந்தத் தந்தையிடம் சென்று, அன்று நாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க மட்டுமா சொன்னீங்க, சார்? எல்லாரும்தான் சொன்னாங்க” என்றார். அதில் சினம் இல்லை. நம்மைத் தேற்றும் எண்ணமே இருந்தது. ஆயினும் அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லோடுதான் வீடு திரும்பினோம். அந்தப் பிள்ளையை வாடவிடச் சொல்ல இத்தனை பேர் இருந்தோம். நீர் கொண்டு செல்ல ஒருவரும் இல்லை.