நாவின் பயிற்சி

பச்சைக் காப்பிக்கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுப்போர் நம்மிடையே இன்றும் உளர். இரும்பு வாணலியில் இட்டுக் கைவிடாது கிளறினால் கொட்டை மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். வெப்பம் 200 பாகை செல்சியசை நெருங்குகையில் படபடவென வெடிக்கும். வெடித்தவுடன் இறக்கினால் புளிப்பு மேலோங்கும். மிகத் தாமதித்தால் கசப்பு மிகும். இறக்கியதை முறத்தில் பரப்பி ஆற்றாவிடில் தன் சூட்டிலேயே மேலும் கருகும். இவ்வேறுபாடுகளையெல்லாம் பலமுறை பருகிப் பார்த்தே அறிகிறோம்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நாவை இவ்வாறு பழக்குவது அறிவை வளர்ப்பதா, ஆசையை வளர்ப்பதா? இரண்டும் நேரக்கூடும். நம்மிடம் எது வளர்ந்தது என்பதை நம் அடுக்களையில் அறிதல் அரிது. உறவினர் இல்லத்தில் எளிதில் அறியலாம். சிக்கரி மிகுந்த காப்பியை ஒருவர் அன்போடு நீட்டும்போது முகம் சுளித்தோமாயின், நாம் நாவுக்கு அடிமைப்பட்டோம் என்பதே பொருள். குறையை நன்கு உணர்ந்தும், அளித்தவர் மனம் நோகாது பருகி முடித்தோமாயின், அறிவு வளர்ந்தது எனலாம்.

“காப்பி எப்படி?” என்று அவர் வினவினால் பொய்யுரைக்க வேண்டுவதில்லை. சிக்கரி சற்றுக் கூடுதல் என்பதை இன்சொல்லால் கூறி, வறுக்கும் பக்குவத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். வாய்மையும் பிறர் மனம் நோகாமையும் ஒருங்கே நிற்க அவ்வளவே போதும்.