கூண்டின் கதவும் கொல்லாமை விரதமும்

அடைத்து வைப்பது காவலா, கொடுமையா? திறந்து விடுவது கருணையா, பொறுப்பின்மையா? சென்ற ஆண்டு நம் இல்லத்துப் புறக்கடையில் எழுந்த இவ்வினாவை வாசக அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

கோழி வளர்ப்பது நம் மரபன்று. ஆயினும் டி. கல்லுப்பட்டியில் நம் அண்டை வீட்டார் ஊர் மாறிச் சென்றபோது, அவர்களுடைய ஐந்து பெட்டைக்கோழிகள் அறுப்பவர் கைக்குப் போகவிருந்தன. வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை; ஏற்றுக்கொண்டோம். சேவல் இல்லாமையால் அவை இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. எனினும் அவற்றை உண்பதுமில்லை, விற்பதுமில்லை, செடியடியில் புதைத்துவிடுகிறோம்.

நாய்க்கும் கீரிக்கும் அஞ்சி இரண்டு திங்கள் அவற்றைக் கம்பிவலைக் கூண்டிலேயே வைத்திருந்தோம். வேளை தவறாமல் தானியமும் நீரும் அளித்தோம். ஒரு நாள் உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்து ஏழாம் அத்தியாயத்தைப் படிக்கும்போது மனம் உறுத்தியது. இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்திற்கு மாசு விளைவிப்பவை ஐந்து என்று அது கூறுகிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தாவதைச் செய்யவில்லை என்று மகிழ்ந்திருந்த நாம், முதலாவதை நாள்தோறும் செய்துவந்தோம்.

நாட்டின் சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, 1960 இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. போதிய அளவு நடமாட இடந்தராத கூண்டில் அடைப்பதும் அச்சட்டப்படி வதையே. இருந்தும், ஒரு கோழிக்கு ஓர் ஏ4 தாளின் பரப்பினும் குறைந்த இடமே தரும் கம்பிக் கூண்டுகள் முட்டைப் பண்ணைகளில் பெருகின. இந்நிலையை ஆராய்ந்த இந்தியச் சட்ட ஆணையம் 2017 இல் தன் 269 ஆவது அறிக்கையை அளித்தது. நம் கூண்டு அவற்றினும் பெரிதுதான். ஆனால் பெரிய கூண்டும் கூண்டே.

ஆகவே ஒரு மாலை, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கதவைத் திறந்தோம். ஒளி மங்கினால் கோழி பழகிய அடைவிடத்தைத் தேடித் தானே திரும்பும். ஆதலால் முதல் நாளுக்கு அவ்வேளையே ஏற்றது. நெடுநேரம் ஒன்றும் வெளிவரவில்லை. பின்பு ஒன்று வாயிலில் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்று, மெல்ல மண்ணில் ஊன்றியது. மற்றவை தொடர்ந்தன. மண்ணைக் கிளறின, புழுதியில் புரண்டு சிறகு விரித்தன. இருட்டியதும் ஐந்தும் உள்ளே வந்தடைந்தன.

மகிழ்ச்சியோடு இரண்டு கலக்கங்களும் வந்தன. கிளறிய மண்ணில் கரையானைக் கண்டு கோழிகள் கொத்தின. சிற்றுயிர்கள் அழிய நாமே கதவு திறந்தோமே! இப்போது தானியம் உண்ட பிறகே அவற்றை விடுகிறோம். ஈசல் புறப்படும் மழைநாள் மாலைகளில் திறப்பதில்லை. இதனால் இம்சை குறையுமேயன்றி முற்றும் நீங்காது. அதை மறைத்துவிட்டு, கருணை செய்தோம் என்று பெருமை கொள்வது தகாது.

இரண்டாவது கலக்கம் பெரிது. மூன்றாம் வாரத்தில் ஒரு கோழியைக் கீரி கொன்றது. "கூண்டுக்குள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருக்குமே, டீச்சரம்மா" என்றார் தெருவில் ஒருவர். அன்றிரவு உறக்கம் வரவில்லை. கதவைத் திறந்ததா குற்றம்? எண்ணிப் பார்த்தபோது உண்மை தெளிந்தது. வேலியடியில் இருந்த துளையை முந்தின நாளே கண்டிருந்தோம். நாளை அடைக்கலாம் என்று விட்டுவிட்டோம். பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பற்ற மனநிலையால், உயிரைப் பிரித்தலே இம்சை என்று அதே நூல் இலக்கணம் வகுக்கிறது. குற்றம் கதவில் இல்லை. அந்த 'நாளை'யில் இருந்தது.

யசோதர காவியம் நாம் அனைவரும் அறிந்ததே. தாய் சந்திரமதியின் சொற்படி யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியையன்று, மாவினால் செய்த கோழியை. அதற்கே தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து, ஈற்றில் கூண்டிலிருந்த கோழிகளாயினர். அந்நிலையிலேயே முனிவரின் அறவுரை கேட்டுத் தெளிந்தனர். செய்கைக்குப் பின்னுள்ள மனத்தையே நம் அறம் முதலில் எடைபோடுகிறது. அன்பினால் அடைத்தோம் என்று சொல்லிக்கொண்ட நம் மனத்தில் அன்போடு வேறொன்றும் இருந்தது: வேலியைச் செப்பனிட்டு, அருகிருந்து காக்கும் சிரமத்திலிருந்து தப்பும் விருப்பம்.

இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, 1945 இல் வெளிவந்த தம் பொருளாதார நூலில், கைம்மாறு கருதாமல் குஞ்சுகளைப் பேணும் தாய்ப்பறவையின் தொண்டையே உயர்ந்த நிலையாக வைத்தார். தாய்க்கோழியைக் கவனியுங்கள். பருந்தின் நிழல் கண்டால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கிறது. நிழல் அகன்றதும் அவற்றை மேயவிட்டு அருகிலேயே நிற்கிறது.

இப்போது நம் புறக்கடையில் நான்கு கோழிகள் உலவுகின்றன. வேலி செப்பமாகியுள்ளது. மாலைதோறும் நூலும் கையுமாக அருகில் அமர்ந்திருக்கிறோம். கதவைத் திறப்பது ஒரு நொடிச் செயல். திறந்தபின் விழித்திருப்பதே விரதம்.